களத்திடையே தழுவிய கைகள்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில், 'கும்பகருணன்' நாடகம் தொடங்குமுன் நிகழ்த்திய சொற்பொழிவு)



திரை விலகுவதற்கு இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. அதற்குள் நாடகத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். கதையை முழுவதும் சொல்லிவிட்டால் பிள்ளைகள் நம்மீது வருந்துவார்கள். கதை அறியாதவரும் இவ்வவையில் இலர். ஆதலின், கதைக்குள் கிடக்கும் ஒரு வினாவை மட்டும் உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

அவ்வினா நம்முடையதன்று. ஒத்திகை நடந்த ஒரு மாலையில், கும்பகருணனாக வேடம் புனையும் பையன் கதாயுதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "மாமா, அண்ணன் செய்தது தவறு என்று இவருக்கு நன்றாகத் தெரிகிறது. தம்பி சொல்வது சரி என்றும் தெரிகிறது. பிறகு ஏன் இவர் தம்பியோடு போகவில்லை? போகாதவர் தம்பிமேல் கோபமாவது கொள்ள வேண்டாமா? ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார்?"

அங்கிருந்த பெரியவர் எவரும் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பிள்ளையின் கேள்வி நம்முடன் நடந்து வந்தது.

இராமகாதையைக் கம்பநாடகம் என்றே நம் முன்னோர் போற்றினர். அந்நாடகத்தில் மூன்று நகரங்கள் உண்டு. மூன்று நகரங்களிலும் உடன்பிறந்தார் உண்டு. அயோத்தியில் ஓர் அரியணை இரு சகோதரர்க்கிடையே வைக்கப்படுகிறது. இருவரும் அதை வேண்டாமென்று ஒதுக்குகின்றனர். பரதன் படையுடன் வருவதைத் தொலைவிற் கண்ட இலக்குவன் கூட ஒரு கணம் ஐயுற்றுக் கொதித்தான். அருகில் வந்த பரதனின் கோலத்தைக் கண்டபின்னரே அந்த ஐயம் நீங்கிற்று. கிட்கிந்தையிலோ ஐயம் நீங்குவதற்கு வாய்ப்பே கிட்டவில்லை. பகைவனைத் துரத்திக் குகையுட் சென்ற வாலி நெடுங்காலம் திரும்பவில்லை. இறந்தான் என எண்ணிக் குகை வாயிலை அடைத்தனர், சுக்கிரீவனை அரசனாக்கினர். மீண்டு வந்த வாலி, அடைத்த கல்லைக் கண்டான். அமர்ந்த தம்பியைக் கண்டான். நடந்தது யாது என்று கேட்கும் பொறுமை மட்டும் அவனுக்கு இல்லை. ஒரு கேள்வி கேட்கப்படாமையால் ஓர் உறவு முறிந்தது.

மூன்றாவது நகரம் இலங்கை. இங்கு நிகழ்ந்தது ஐயமும் அன்று, தவறான உணர்வும் அன்று. நிகழ்ந்தது உண்மையான கருத்து வேறுபாடு. ஆதலின் இதுவே கடினமானது. நம் வாழ்க்கைக்கு மிக அணித்தானதும் இதுவே.

மந்திராலோசனையில் வீடணன் அறம் உரைத்தான். இரணியன் வரலாற்றையும் எடுத்துக் கூறினான். இராவணன் அதற்கு எதிராகக் காரணம் காட்டினானா? இல்லை. தம்பியின் சொல்லை விட்டுவிட்டுத் தம்பியின் உள்நோக்கத்தை ஆராய்ந்தான். பகைவரிடம் பற்றுவைத்து, என் செல்வத்தைப் பெறக் கருதுகின்றாய் என்றான். உடன்பிறந்தானைக் கொன்ற பழிக்கு அஞ்சியே உன்னைக் கொல்லாது விடுகிறேன், கண்முன் நில்லாதே என்று துரத்தினான். உடன்பிறந்தார்க்குள் எழும் சச்சரவு எந்த இடத்தில் தீராப் பகையாக மாறுகிறது என்பதைக் கம்பர் இங்கே காட்டிவிட்டார். "நீ சொல்வது தவறு" என்று சொல்லும்வரை அது வேறுபாடு. "நீ இதைச் சொல்வதன் காரணம் எனக்குத் தெரியும்" என்று சொன்ன அந்த நொடியில் அது பகை.

இனிக் கும்பகருணனைப் பாருங்கள். அவனும் அண்ணன் செய்தது தவறு என்றே கூறினான். ஒருமுறையன்று, அவையிற் கூறினான், துயிலினின்று எழுப்பப்பட்டுப் போருக்கு ஏவப்பட்டபோதும் கூறினான். சீதையை விட்டுவிடு, தம்பியோடு ஒன்றுபடு, அதுவே நீ பிழைக்கும் வழி என்று முகத்துக்கு நேரே மொழிந்தான். இராவணன் சினந்தான், உன்னிடம் அறிவுரை கேட்கவா அழைத்தேன், போருக்கு அஞ்சினால் உண்டு உறங்கு என்று இகழ்ந்தான். அவ்வளவு பெரிய வீரனுக்கு அதனினும் கொடிய சொல் வேறு உண்டோ? அச்சொல்லுக்கு மறுசொல் கூறாமல் சூலத்தை எடுத்தான். நான் பிழை செய்திருந்தால் பொறுத்தருள்க என்றான். நான் வீழ்ந்தேனாயின், அப்போதேனும் அவளை விட்டுவிடு என்றான். இனி உன் முகத்தை நான் காண்பதில்லை என்று விடைபெற்றான். இராவணனும் கண்ணீர் உகுத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாசத்திற்காகக் கும்பகருணன் உண்மையை மறைக்கவில்லை. விடைபெறும் வேளையிலும் தன் கருத்தை அவன் மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும், தன் கருத்தை ஏற்காத அண்ணனை அவன் கைவிடவும் இல்லை.

அடுத்த காட்சிதான் இன்று நம் பிள்ளைகள் நடிக்கவிருப்பது. இராமன் இசைவு பெற்று வீடணன் களத்திற்கு வருகிறான். தனியே வரும் தம்பியைக் கண்டதும் கும்பகருணன் திடுக்கிடுகிறான். எங்கள் குலத்தில் நீ ஒருவனாவது பிழைத்தாய் என்று மகிழ்ந்திருந்தேனே, மாண்ட எங்களுக்கு நீர்க்கடன் செய்ய நீயன்றி வேறு யார், ஏன் மீண்டாய் என்று பதறுகிறான். தம்பி கட்சி மாறினானே என்ற கசப்பு அவன் வாயிலிருந்து வரவில்லை. தம்பி உயிரோடு இருக்கவேண்டுமே என்ற கவலைதான் முதலில் வந்தது.

வீடணனோ, தன்னோடு வருமாறு அழைக்கிறான். தனக்கு இராமன் அளித்த இலங்கை அரசையும் உனக்கே தருகிறேன், உனக்கு ஏவல் செய்து வாழ்வேன் என்று இறைஞ்சுகிறான். கும்பகருணன் இசையவில்லை. நெடுநாள் தன்னை வளர்த்துப் போர்க்கோலமும் செய்வித்து அனுப்பியவனுக்கு உயிர் கொடாமல் இருப்பது எங்ஙனம் என்கிறான். உனக்குரியது அவ்வழி, எனக்குரியது இவ்வழி. நீ போய் வாழ்க, எங்களுக்காக வருந்தற்க என்று தம்பியை மார்புறத் தழுவுகிறான். தம்பி தொழுது நீங்கியபின், அவன் சென்ற திசையை நோக்கிக் கண்ணில் குருதி வடிய நின்றான் என்று கவிச்சக்கரவர்த்தி பாடுகிறார்.

கும்பகருணன் சிறந்தவனா, வீடணன் சிறந்தவனா? காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் அவர்கள் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்த காலந்தொட்டு, தமிழ் கூறும் நல்லுலகில் கம்பன் விழாக்கள் பெருகின. பட்டிமண்டபங்களில் இவ்வழக்கும் ஓயாது நடந்து வருகிறது. நடுவர் ஒரு புறம் தீர்ப்புக் கூறுவார். கேட்டவர் மறுபுறம் கைதட்டுவார். ஆனால் அவ்விருவரும் தமக்குள் அவ்வழக்கை ஆடவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நான் சென்றதே அறம், நீ நின்றது இழிவு என்று வீடணன் சொல்லவில்லை. நான் நின்றதே நன்றி, நீ சென்றது துரோகம் என்று கும்பகருணனும் சொல்லவில்லை. சென்றவனும் நின்றவனும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர்.

சென்றவன், நின்றவன் என்று நாம் சொல்லும்போதே உங்களிற் சிலர் முகங்களில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். ஆம், இந்தக் குடியிருப்பில் வாழும் நாம் எல்லோரும் சென்றவர்கள். வீடணன் அறத்திற்காகச் சென்றான். நாம் பிழைப்பிற்காக வந்தோம். அவனோடு நம்மை ஒப்பிட்டுக்கொள்ளும் துணிவு நமக்கில்லை. எனினும், நம் ஒவ்வொருவருக்கும் ஊரில் நின்றுவிட்ட ஓர் உடன்பிறப்பு உண்டு. அண்ணனோ, தம்பியோ, தங்கையோ, அக்காளோ, ஒருவர் அங்கே இருந்து விளக்கேற்றியதனால்தான் நாம் இங்கே வந்து உத்தியோகம் பார்க்க முடிந்தது.

எங்கள் வீட்டுச் செய்தியைக் கூறுவது தற்பெருமைக்கன்று, வெட்கத்தோடுதான் கூறுகிறோம். எங்கள் தமையனார் காவிரிக்கரைச் சிற்றூரில் தாயாருடன் இருந்தார். நாங்கள் மாதந்தோறும் பணம் அனுப்பினோம். கோடை விடுமுறையில் இரண்டு இரவு ரயிலில் கழித்து ஊர் சேர்ந்து, பத்து நாள் தங்குவோம். அந்தப் பத்து நாளும் அறிவுரை வழங்குவோம். அம்மாவை இந்த வைத்தியரிடம் காட்டியிருக்கலாம், அந்த மருந்தை நிறுத்தியிருக்கலாம், கூடத்தில் கட்டில் போட்டிருக்கலாம் என்று. ஆண்டு முழுவதும் இரவில் எழுந்து தாயாரைத் தூக்கி உட்காரவைத்தவர் தமையனாரும் அண்ணியாரும் என்பது எங்கள் கணக்கில் ஏறவில்லை.

தாயார் மறைந்த பதினாறாம் நாள், வீட்டைப் பற்றிப் பேச்செழுந்தது. "பணம் அனுப்பியதோடு பிள்ளையின் கடமை தீர்ந்ததா?" என்று தமையனார் கேட்டார். "வீட்டையும் நிலத்தையும் அனுபவிக்கத்தானே நீங்கள் இங்கேயே இருந்தீர்கள்" என்று எங்கள் பக்கத்திலிருந்து விடை போயிற்று. சற்றுமுன் சொன்னோமே, உள்நோக்கத்தை ஆராயும் இராவணன் சொல், அது எங்கள் வாயிலிருந்தே வந்தது. அன்று முதல் ஆறு ஆண்டுகள் பேச்சில்லை. கைப்பேசியில் உறவினர் குழு ஒன்று உண்டு. அதில் எல்லோர்க்கும் பொங்கல் வாழ்த்து அனுப்புவோம். தமையனார் வாழ்த்து வந்தால் மட்டும் கண்டும் காணாதவர்போல் இருந்துவிடுவோம்.

இத்தகைய மௌனம் எங்கள் வீட்டில் மட்டுந்தானா? நம் சங்கத்து மண்டபத்தில் பழைய திரைப்படங்களைக் காட்டும் நாள்களில் நாம் கண்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். பீம்சிங் இயக்கிய 'பாகப்பிரிவினை' 1959-இல் வந்தது; அவரே இயக்கிய 'பாசமலர்' 1961-இல் வந்தது. முன்னதில் ஒன்றாயிருந்த குடும்பம் பிரிகிறது. பின்னதில் உயிரான அண்ணனும் தங்கையும் பிரிகின்றனர். சிவாஜி கணேசனும் சாவித்திரியும் திரையில் அழும்போது, முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை நாமும் அழுகிறோம். அழுதவர்களில் எத்தனை பேர், வீடு திரும்பியபின் தம் அண்ணனுக்கோ தங்கைக்கோ ஒரு வரி எழுதினோம்? பிறர் வீட்டுப் பிணக்கிற்குக் கண்ணீர் எளிதில் வருகிறது. நம் வீட்டுப் பிணக்கிற்கு நியாயம் மட்டுமே வருகிறது.

நியாயம் வேண்டாவா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். பாசம் என்ற பெயரால் உரியவர்க்கு உரியதை மறுப்பதும் ஓர் அநீதியே. குறிப்பாக, நம் சகோதரிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. ஆயினும் கூட்டுக் குடும்பத்தின் பூர்விகச் சொத்தில் பிறப்பினாலேயே வரும் உரிமை ஆண்மக்களிடமே நின்றது. தமிழ்நாடு 1989-இல் சட்டத்தைத் திருத்தி, அதுவரை மணமாகாதிருந்த மகளிர்க்கு அவ்வுரிமையை வழங்கிற்று. 2005-ஆம் ஆண்டின் திருத்தம், மணமானவர் மணமாகாதவர் என்ற வேறுபாடின்றி, நாடெங்கும் மகளிர்க்கு அதை விரிவாக்கிற்று. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டுவதில்லை என்று 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திற்று.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், தன் பங்கைக் கேட்ட தங்கையைப் "பாசமற்றவள்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்தால்தான் பிறந்தகத்தின் கதவு திறக்கும் என்றால், அது பாசமன்று; பேரம். உரியதைக் கேட்பவர் பகைவர் அல்லர் என்று அண்ணன்மார் உணரவேண்டும். வேறுபாடு வேறு, பகை வேறு. பங்கைக் கணக்கிட்டுக் கொடுத்தபின், அதே கையால் தீபாவளிச் சீரையும் கொடுக்க இயலாதா? கும்பகருணன் செய்தது அதுவன்றோ? அறத்தை அறமென்று சொன்னான், கடனைக் கடனென்று ஏற்றான், தம்பியைத் தம்பியென்று தழுவினான். ஒன்றுக்காக மற்றொன்றை அவன் அழித்துவிடவில்லை.

கம்பர் மற்றோர் அரிய ஒப்புமையையும் நமக்கு வைத்துச் சென்றிருக்கிறார். வாலி அம்புண்டு கிடக்கிறான். தம்பி தன்னைக் கொல்விக்க வந்தவன். ஆயினும் சாகும் வேளையில் இராமனிடம் அவன் வேண்டியது யாது? மது அருந்தி மதிமயங்கி என் தம்பி ஏதேனும் பிழை செய்தால், என்மீது விட்ட அம்பை அவன்மீது விடாதே. தமையனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பியர் அவனை இகழ்ந்தால் அதைத் தடுத்தருள் என்பதே. அவ்வாறே கும்பகருணனும் கையிழந்து காலிழந்து கிடக்கும்போது இராமனை வேண்டுகிறான். இராவணன் கண்ணிற்பட்டால் என் தம்பியைக் கொன்றுவிடுவான். உன்னையும் இலக்குவனையும் அனுமனையும் விட்டு அவன் எப்போதும் பிரியாதிருக்க அருள்வாய் என்கிறான். பிறகே, மூக்கிழந்த தன் முகத்தைப் பிறர் காணாதவாறு கடலில் இடுமாறு தனக்கென ஒன்றைக் கேட்கிறான்.

இரு தமையன்மார், இருவர்க்கும் எதிர்ப்புறத்தில் நின்ற தம்பியர். உயிர் பிரியும்போது இருவர் நெஞ்சிலும் மேலெழுந்தது வழக்கு அன்று. தம்பி என்ன ஆவானோ என்ற கவலை. ஏன், வீடணனைத் துரத்திய இராவணன் வீழ்ந்தபோதும், அவ்வுடல்மேல் விழுந்து புலம்பியவன் துரத்தப்பட்ட அதே வீடணன் அல்லனோ? இறுதிக்கடன் செய்தவனும் அவனே.

அந்தப் பாசம் சாகும் வேளையில் புதிதாக முளைத்ததன்று, முன்னரே இருந்தது. வாலிக்கு அதை உணர்த்த ஓர் அம்பு வேண்டியிருந்தது. கும்பகருணனுக்கோ அம்பு வேண்டியிருக்கவில்லை. உயிரோடு நின்றபோதே தழுவிவிட்டான். இருவருள் யாரைப்போல நாம் இருக்கப்போகிறோம் என்பதுதான் இந்நாடகம் நம்மிடம் கேட்பது. ஊரிலிருந்து நள்ளிரவில் கைப்பேசி ஒலித்து, கிடைத்த வண்டியில் ஏறி, முகம் காண நேரத்திற்குப் போய்ச்சேர முடியாதவர் நம் குடியிருப்பிலேயே உண்டு. அவர்கள் வழியெல்லாம் எண்ணியது வீட்டுப் பங்கையா? இல்லை என்பதை அவர்களே நம்மிடம் கூறியிருக்கிறார்கள்.

ஒத்திகை நடந்த அந்த மாலைக்குப் பிறகு, தமையனாருக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு கடிதம் போயிற்று. பேசத் துணிவு வரவில்லை, ஆதலால் எழுதினோம். வீட்டைப் பற்றிய எங்கள் எண்ணம் மாறிவிட்டதாக எழுதவில்லை, மாறவில்லை. அதைப் பின்னர்ப் பேசித் தீர்ப்போம் என்றோம். "அனுபவிக்கத்தானே இருந்தீர்கள்" என்று சொன்னது தவறு, அம்மாவைப் பார்த்துக்கொண்டவர்கள் நீங்களும் அண்ணியும்தான் என்று மட்டும் எழுதினோம். இருபது நாள் விடையில்லை. பிறகு ஓர் உறை வந்தது. "அன்புள்ள தம்பிக்கு" என்று தொடங்கியிருந்தது. வீட்டுப் பேச்சே அதில் இல்லை. கொல்லைத் தென்னை இவ்வாண்டு நன்றாகக் காய்த்திருப்பதாகவும், அண்ணிக்கு முழங்கால் வலி என்றும், பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்ததும் எந்த வண்டியில் வருகிறோம் என்று முன்கூட்டியே தெரிவிக்குமாறும் எழுதியிருந்தார். வீட்டு வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அதைப் பேசுவதற்கு இப்போது ஒரு திண்ணை கிடைத்திருக்கிறது.

ஒப்பனையறையில் இருக்கும் தம்பீ! உன் கேள்விக்கு இப்போது எங்களுக்குத் தெரிந்த விடை இதுதான். கும்பகருணன் தம்பியோடு போகாதது, தன் கடனைத் தான் செய்யவேண்டும் என்று எண்ணியதால். தம்பிமேல் கோபம் கொள்ளாதது, தம்பிக்கும் அவ்வாறே ஒரு வழி உண்டு என்று ஒப்புக்கொண்டதால். கட்டிக்கொண்டு அழுதது, வழிகள் பிரிந்தாலும் வயிறு ஒன்று என்பதை மறவாததால். இன்று மேடையில் நீ வீடணனைத் தழுவும்போது, அவசரப்பட்டு விட்டுவிடாதே. சிறிது நேரம் பிடித்துக்கொண்டே நில். இவ்வவையில் இருப்பவர் பலர்க்கு அந்தச் சிறிது நேரம் தேவைப்படும்.

பெரியோர்களே, தாய்மார்களே! நாடகம் முடிந்து வீடு சென்றபின், ஊரில் இருக்கும் உடன்பிறப்புக்கு ஒரு வரி எழுதுங்கள். அல்லது அழைத்துப் பேசுங்கள். வழக்கை விட்டுக்கொடுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. உறவை வழக்குக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம் என்றே வேண்டுகிறோம்.

இனித் திரை விலகட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!